பூட்டிய கேட்டா, ஓ.பி. சீட்டா?

அண்ணனின் குடிக்கு எங்கள் வீட்டில் இரண்டு வழியையும் பார்த்தாகிவிட்டது. முதலில் தனியார் மறுவாழ்வு இல்லத்தில் மூன்று மாதம். அது பலிக்காமல், அப்புறம் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு. நான் ஆஸ்பத்திரிப் பக்கம்தான்.

செலவில் போட்டியே இல்லை. இல்லத்துக்காக அண்ணியின் வளையல் அடகுக்குப் போனது. அடுக்கம்பாறைக்குக் கணியம்பாடியிலிருந்து பஸ் காசுதான். வசதியில் இல்லம் மேல். மே மாத வேலூர் வெயிலில் வார்டில் படுத்தவர்களுக்குத் தெரியும்.

தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் சிலருக்கு நேரம், இடம் தெரியாத குழப்பம், இல்லாதது கண்ணில் தெரிவது, உயிருக்கே ஆபத்து. இல்லத்தில் அண்ணனுக்கு வலிப்பு வந்தபோது டாக்டர் இல்லை. “கொழுப்பு இறங்குது” என்றார்களாம். ஆஸ்பத்திரியில் முதல் நாளே நடுக்கத்துக்கு மாத்திரை, தயமின் (வைட்டமின் பி1) ஊசி.

ஆனாலும் என்னைத் தீர்மானிக்க வைத்தது வீடு திரும்பிய பிறகான நாட்கள். இல்லத்தில் தொண்ணூறு நாளும் குடிக்கவில்லை, சரி; கேட் பூட்டியிருந்தது. வெளியே அதே சம்பள நாள், ராணிப்பேட்டை தோல் கம்பெனியிலிருந்து வரும் வழியில் அதே டாஸ்மாக். பதினோராம் நாள் பழையபடி. திரும்பப் போனால் மறுபடி முதலிலிருந்து பணம் கட்டச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டே வாரம் வைத்திருந்து, பிறகு பதினைந்து நாளுக்கொரு முறை ஓ.பி.க்கு வரச் சொன்னார்கள், அண்ணியையும் கூட்டிக்கொண்டு. எந்த நாளில், யாரோடு, எந்தக் கடையில் என்று டாக்டர் கேட்டுக் கேட்டு, சம்பளம் அண்ணியின் கணக்குக்கு மாறியது. கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு, குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் தந்தார்கள். நடுவில் இரண்டு முறை குடித்தார். போய்ச் சொன்னார்; யாரும் திட்டவில்லை, அடுத்த தடவை இன்னும் சீக்கிரமாக வரச் சொன்னார்கள்.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957 முதல் இருக்கிறது. அங்கே நோயாளியோடு வீட்டாரும் தங்குவது வழக்கம், நாங்கள் போனதில்லை. குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் போதும். அண்ணன் போகிறார், என்ன பேசினார்கள் என்று சொல்ல மாட்டார். கூட வர ஆளே இல்லாத ஒண்டிக்கட்டைக்கு ஓ.பி. வழி சரிப்படுமா? என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு, டாக்டர் இருக்கிற நல்ல இல்லம் உதவலாம்.

ஒன்று மட்டும் வேண்டாம்: தெரியாமல் சோற்றில் கலக்கும் மாத்திரை. அப்படிக் கலக்கும் டைசல்ஃபிரம் உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, நெஞ்சே அடைக்கலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள். தமிழில் பேசலாம், காசில்லை.

அடுத்த ஓ.பி. சம்பளத்துக்கு மறுநாள். அண்ணி கேட்டு வாங்கிய தேதி.