ஒன்பது வருசக் கேமராவும் ஒரு துண்டு ரப்பரும்

போன வாரந்தான் ஷட்டர் மாத்தி கேமரா கைக்கு வந்துச்சு. வந்த அன்னைக்கே கோபியில இருந்து ஒரு தம்பி கூப்பிட்டான். "ஏனுங்ணா, நீங்க வச்சிருக்கற அதே மாடலு செகண்ட் ஹேண்டுல வருதுங்க. எடுக்கலாமுங்களா?" போன்ல பேசுனா கோவத்துல ஏதாச்சும் சொல்லிருவேன்னு பட்டுச்சு. அதான் எழுதறேன்.

24 மெகாபிக்சல், ஃபுல் ஃபிரேம், கண்ணாடி வச்ச டிஎஸ்எல்ஆர். மத்ததெல்லாம் உனக்கே தெரியும். நான் வாங்குனது 2016ல. ஒவ்வொரு படத்துக்கும் தெறந்து மூடற ஷட்டருக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 1,50,000 தடவை. என்னோடது 2,12,000 தாண்டித்தான் நின்னுச்சு. அதைக் குறை சொன்னா நாக்கு அழுகிப் போயிரும்.

என் பஞ்சாயத்தெல்லாம் பின்னால கட்டைவிரல் வைக்கற எடத்துல இருக்கற ரப்பரோடதான்.

மூணாவது வருசம் அந்தியூர் ஆடித் திருவிழாவுல, குதிரையை எடுத்துட்டு இருக்கறப்பவே கையோட வந்துருச்சு. வேர்வையும் கை எண்ணெயும் ஏறி ரப்பர் ஊதிப் போச்சு. ஊதுன ரப்பர் பழைய பள்ளத்துல திரும்ப உக்காராது; ஒரு ஓரத்தை அமுக்குனா மறு ஓரம் எந்திரிக்கும். உடனடிப் பசை போட்டேன், சுத்தியும் சாம்பல் பூத்தாப்புல வெள்ளையா ஆயிருச்சு. ரெண்டு பக்க டேப் ஒட்டுனேன். சித்திரை வெயில்ல கோந்து இளகி வெளிய வந்துச்சு. அதோட ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் படம் எடுக்கப் போனனா, தூளெல்லாம் கோந்துல ஒட்டிக்கிச்சு. அடுத்த முகூர்த்தத்துல பொண்ணோட அம்முச்சி பாத்துட்டு, "கேமராவுக்கும் மஞ்ச பூசிட்டயா கண்ணு"ன்னு கேக்கறாங்க. கடைசியில தாங்குனது பஞ்சர் கடை சொல்யூஷன்தான். நாலு மாசம் நிக்கும்.

இதுக்கு நடுவுல நல்லதையும் சொல்லோணும். காலைல நாலரை மணிக்கு மண்டபத்துல இணைச்சீர், மாப்பிள்ளைக்குக் கூடப்பொறந்தவ செய்யற சீரு. மாப்பிள்ளை பக்கத்துல நிக்கற அக்காவுக்குக் கண்ணு கலங்குது. ஒரு நொடிதான், அப்புறம் ஒறம்பரை யாராச்சும் குறுக்க வந்துருவாங்க. நடுப்புள்ளியில ஃபோகஸை வச்சு அமுக்குனா, இத்தனை வருசத்துல அந்த ஒரு நொடியை இந்தக் கேமரா விட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. கூட வர்ற பையன் கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ் கேமராவுல சத்தமில்லா ஷட்டர் போட்டு எடுத்தான்; மேடை எல்இடி வெளிச்சத்துல படம் பூரா கோடு கோடா இருந்துச்சு. நம்ம கரண்டுல மட்டமான விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்கும். நான் பழைய மாதிரி ஷட்டரை 1/100 நொடியில வச்சு 'டக்கு டக்கு'ன்னு எடுத்துட்டு இருந்தேன், ஒரு கோடு இல்லை. பேட்டரியும் அப்படித்தான். விடியக்காலம் போட்டா பந்தி முடியற வரைக்கும் ஒண்ணே போதும்.

இப்ப ஷட்டருக்கு 11,000 ஆச்சு, மனசார குடுத்தேன். "அப்படியே ரப்பரும் மாத்திருங்க"ன்னு சொன்னதுக்கு, ஸ்டாக் இல்லைன்னு பழசையே ஒட்டிக் குடுத்துருக்காங்க. வீட்டுக்கு வந்து ரெண்டாம் நாளு, பையில இருந்து எடுக்கறேன், நாக்கைத் துருத்திட்டு நிக்குது.

அதனால தம்பி, வாங்காத. இத்தனை புகழ்ந்துட்டு இப்படிச் சொல்றனேன்னு பாக்காத, வேண்டாம்னா வேண்டாம்.

ஆனா விக்கறவரை ஒண்ணு மட்டும் கேட்டுச் சொல்லு. அவரு கேமராவுல ரப்பர் இன்னும் ஊதாம இருக்குதா? இருந்தா அதை மட்டும் கழட்டிக் குடுப்பாரா?