நடப்பவருக்கும் சிவப்பு விளக்கு சட்டமா?

ஜெர்மனியில் சிவப்பு விளக்கு எரியும்போது நடந்து கடந்தால் 5 யூரோ அபராதம். அதனால் விபத்து நேர்ந்தால் 10 யூரோ. பிரிட்டனில் அதே விளக்கு நடப்பவருக்கு வெறும் அறிவுரை. மோட்டார்வே எனும் அதிவேக நெடுஞ்சாலை போன்ற சில இடங்களைத் தவிர, பார்த்துக் கடப்பது அவரவர் பொறுப்பு.

சட்டம் வேண்டும் என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. யார் எப்போது குறுக்கே வருவார் என்று ஓட்டுநருக்குத் தெரிந்திருக்கும். பெரியவர்களைப் பார்த்துத்தான் குழந்தைகள் கற்கிறார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கைத்தடி ஊன்றி வரும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். பச்சை எரிந்ததும்தான் இறங்குகிறார். பாதி தூரம் போவதற்குள் விளக்கில் தெரியும் பச்சை மனித உருவம் மறைந்துவிடுகிறது. பல சிக்னல்களின் கணக்கு நொடிக்கு சுமார் 1.2 மீட்டர் நடை. அவரால் அது முடியாது. சட்டத்தின் கண்ணில் தவறு யாருடையது? அப்புறம், வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். அந்த ஆபத்தைக் கொண்டுவருவது வண்டி, நடப்பவர் அல்ல.

கலிஃபோர்னியா இதில் நடுவழியைப் பிடித்தது. 2023 முதல், மோதும் ஆபத்து உடனடியாக இல்லாதபோது விதியை மீறிக் கடந்தவருக்குக் காவலர் அபராதச் சீட்டு தரக்கூடாது. நியூயார்க் நகரம் 2024இல் இந்தக் குற்றத்தையே நீக்கியது.

எனக்குச் சட்டமில்லாத வழியே சரியாகப் படுகிறது, ஒரு நிபந்தனையோடு: பச்சை நேரம் நீள வேண்டும், வண்டிகளின் வேகம் குறைய வேண்டும். பார்வையற்றவர்களுக்கு ஒலி சிக்னலும் அவசியம். வண்டிகள் ஓடும் சத்தத்தை மட்டும் கேட்டு அவர்கள் முடிவெடுக்க நேரக்கூடாது.