ஸ்கூபா கருவிகள் விமானம் ஏறும்போது: கைப்பையா, செக்-இன்னா, வாடகையா?

ஸ்கூபா பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்களில் மூன்று கட்சி உண்டு. இருப்பதையெல்லாம் ஒரே பெரிய பையில் திணித்துச் செக்-இன்னில் போடுகிறவர்கள் முதல் கட்சி. கைப்பையில் அடங்குவதை மட்டும் தூக்கிக்கொண்டு, மீதியைப் போன இடத்தில் வாடகைக்கு எடுப்பவர்கள் இரண்டாவது. பிரித்துக் கட்டுகிறவர்கள் மூன்றாவது. பல ஆண்டுகள் முதல் கட்சியில் இருந்த நான், ஒருமுறை என் பை இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்த பிறகு மூன்றாவதற்கு மாறிவிட்டேன்.

அந்த இரண்டு நாளும் இரவல் கருவிகளோடு கடலில் இறங்கினேன். காலில் மாட்டும் துடுப்பான ஃபின் பொருந்தியது. மிதவைச் சட்டையான பி.சி.டி.யிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாஸ்க்தான் படுத்தி எடுத்தது. மூக்குக்கு இடப்பக்கம் நூலிழை அளவு இடைவெளி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை தண்ணீர் கண்ணுக்குக் கீழே வந்து நிற்கும், மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். பார்க்கப் போன பவளப்பாறையில் பாதியை நான் பார்க்கவேயில்லை. ஆகவே என் முதல் அளவுகோல் விலையல்ல, முகம். உங்கள் முகத்துக்கென்று தேர்ந்த மாஸ்க், அதிலும் பார்வைக் குறைக்கேற்ற கண்ணாடி போட்டதென்றால், கைப்பையில்தான் வர வேண்டும். அப்படி ஒன்று வாடகைக்குக் கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.

அடுத்தது, சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டர். இதில்தான் வாதம் சூடாகும். உலோகப் பண்டம்தானே, செக்-இன்னில் போட்டால் என்ன என்று கேட்பார்கள். உலோகம் தாங்கும். குழாய், உலோக முனையோடு சேரும் கழுத்துப் பகுதி தாங்காது. அங்கே கூர்மையாக மடிந்து, மேலே பத்துப் பெட்டிகள் ஏறினால் ரப்பர் வெடிப்பு விடும். குழாய்களைப் பெரிய வளையமாகச் சுற்றி, வாயில் கடிக்கும் பாகம் எதிலும் அழுந்தாமல் வைத்துக் கைப்பையில் எடுத்துச் செல்வதே என் வழக்கம். மொத்தம் 3 கிலோ அளவுக்கு வரும். பல விமான நிறுவனங்கள் கைப்பைக்குத் தருவது 7 கிலோதான் என்பதால் கணக்குப் பார்த்தே கட்ட வேண்டும். ஆழமும் நேரமும் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் மணிக்கட்டிலேயே இருந்துவிட்டால் அதன் எடை பையில் சேராது. ஸ்கேனரில் இந்தக் குழாய்ச் சுருளைப் பார்த்துச் சோதனை அதிகாரி பையைத் திறக்கச் சொல்வது இயல்பு. பையின் மேற்புறத்தில் வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் முடியும்.

வாடகைக் கட்சி போட்டியே இல்லாமல் வெல்லும் இடம் காற்றுச் சிலிண்டரும், மூழ்குவதற்கு இடுப்பில் கட்டும் ஈயக்கட்டிகளும். டைவ் மையங்களில் சாதாரணமாகப் புழங்கும் 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர் காலியாகவே ஏறக்குறைய 14 கிலோ. அமெரிக்க விமான நிலையங்களில் வால்வைக் கழற்றி, உள்ளே காலி என்று கண்ணால் காணும்படி இருந்தால்தான் ஏற்றவே விடுவார்கள். எல்லா டைவ் மையத்திலும் இருக்கும் பொருளுக்கு இந்தப் பாடு தேவையில்லை.

ஃபின், குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட், பி.சி.டி. மூன்றும் நடுவே நிற்பவை. ஓரிரு முறை மட்டும் முங்கப் போகிறீர்கள் என்றால் வாடகை போதும். ஒரு வாரம் தொடர்ந்து முங்குவதென்றால் சொந்தமானதைச் செக்-இன்னில் போடுங்கள். தோளில் பழகிய பட்டைக்கு ஈடில்லை. பயணத்துக்கென்றே வரும் மெல்லிய பி.சி.டி., வழக்கமான ஜாக்கெட் வகையைவிட ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம் பிடிக்கும். குதிகால் மூடிய ஃபினுக்குத் தனிக் காலணி வேண்டாம் என்பதால் அதிலும் எடை குறையும்.

பெட்டி எது? சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி தானே 4, 5 கிலோ தின்றுவிடும். செக்-இன் அளவு 23 கிலோ என்னும்போது அது பெரிய பங்கு. நான் துணிப்பையின் பக்கம். ஃபின் இரண்டையும் இரு பக்கச் சுவராக நிறுத்தி, வெட்சூட்டை அடியில் விரித்து, பி.சி.டி.யை நடுவில் வைத்தால் பைக்கு விலா எலும்பு கிடைத்துவிடும். ஃபினின் கால் நுழையும் பகுதியில் சாக்ஸைச் சுருட்டி அடையுங்கள். அமுங்கியபடியே கிடந்தால் அந்த ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. தண்ணீர் புகாத கேமரா உறை கொண்டு போகிறவர்களுக்கு மட்டும் கெட்டிப் பெட்டி சரி.

விளக்கிலும் கத்தியிலும் தேர்வுக்கே இடமில்லை. கத்தி செக்-இன்னில். உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில் மட்டும், முனைகளில் டேப் ஒட்டி. பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் தனி அனுமதி வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு இரண்டு உதிரி. டைவ் விளக்கில் பரவலாக இருக்கும் 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர்-மணி பேட்டரி 12.6 வாட்-மணிதான், ஆகவே பயமில்லை. ஆனால் விளக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். தண்ணீரில் குளிர்ந்துகொண்டே எரிய வேண்டிய விளக்கு பைக்குள் தற்செயலாக எரிந்தால் துணி கருகும் அளவுக்குச் சுடும்.

திரும்பும் பயணத்துக்குத் தனிக் கணக்கு. பல நாள் தொடர்ந்து முங்கியவர், கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது டைவர்களின் பாதுகாப்பு அமைப்பான டான் தரும் வழிகாட்டுதல். உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்கான அந்த நேரத்திலேயே கருவிகளையும் உலர்த்திவிடலாம். முதலில் ரெகுலேட்டரின் தூசு மூடியைத் துடைத்து இறுக்கிவிட்டு, எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பி.சி.டி.யைத் தலைகீழாகப் பிடித்து வால்வை அழுத்துங்கள். காலி என்று நினைத்ததற்குள்ளிருந்து தண்ணீர் கொட்டும். ஒரு லிட்டர் இருந்தால் ஒரு கிலோ. பிறகு வெட்சூட்டை உள்பக்கம் வெளியே வரும்படித் திருப்பி, நிழலில் காற்றாட விடுங்கள்.