தொட்டியில் மாங்காய் இஞ்சி: சில வருட அனுபவம்

இலை காய்ந்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். மாங்காய் இஞ்சி வைக்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சில வருடங்களாக வளர்த்துவருகிறேன். இது இஞ்சியைவிட மஞ்சளுக்குத்தான் நெருங்கிய உறவு. இலையும் அதே போல அகலம். ஏழெட்டு மாதம் செழித்து வளர்ந்த பிறகு இலை பழுத்துச் சாயும், மண்ணுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. செடி சாகவில்லை, கிழங்கு உறக்கத்துக்குப் போகிறது. அப்போது தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். ஈரத்தில் கிடந்தால் கிழங்கு அழுகும்.

விதை போட்டு வளர்க்கிற செடி இல்லை இது, கிழங்கை நட்டுத்தான் பெருக்க வேண்டும். விதைக் கிழங்கு எடுக்கும்போது கணுவை உற்றுப் பாருங்கள். அரிசிமணி அளவில் வெளிறிய முனை ஒன்று துருத்திக்கொண்டிருந்தால் அதுதான் முளை. சுருங்காத, கெட்டியான கிழங்காகப் பார்த்து, துண்டுக்கு ஒன்றிரண்டு முளை வருமாறு 30, 40 கிராம் அளவில் வெட்டி, வெட்டுவாய் காயும்வரை நிழலில் வைப்பேன். அப்புறம் முளை மேலே பார்க்க, இரண்டு அங்குல ஆழத்தில் நடவு. துளிர் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும், குளிராக இருந்தால் இன்னும் தள்ளும். நடுவில் கிளறிப் பார்த்தால் முளை ஒடிந்துவிடும்.

கிழங்கு பக்கவாட்டில் பரவுவதால் ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது. மண் பொலபொலவென்று இருக்க வேண்டும். நான் தேங்காய் நார்க் கழிவும் மட்கிய உரமும் கொஞ்சம் மணலும் கலக்கிறேன். வடிகால் துளை அடைபடக் கூடாது. உச்சி வெயில் இலை ஓரத்தைக் கருக்கும், அரை நிழல் போதும். கிழங்கு வெளியே எட்டிப் பார்த்தால் மண் அணைத்துவிடுவேன்.

தண்டின் அடி கொழகொழத்து, லேசாக இழுத்தாலே கையோடு வந்தால் அழுகல் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தத் தொட்டிக் கிழங்கை விதைக்கு எடுக்கவே கூடாது, மண்ணையும் மாற்றிவிட வேண்டும்.

அறுவடையில் புதிதாகத் தோண்டிய கிழங்கைக் கிள்ளினால் பச்சை மாங்காய் வாசம் அப்படியே தூக்கும். மாங்காயிலும் இருக்கிற மிர்சீன், ஓசிமீன் போன்ற மணப்பொருள்கள்தான் காரணம். அந்த வாசத்துக்காகவே ஒவ்வொரு பருவமும் நடுகிறேன். விதைக்கு ஒதுக்கிய கிழங்கைக் கழுவாமல், காய்ந்த மணலில் புதைத்துக் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். ஃபிரிட்ஜ் வேண்டாம், குளிரில் முளை கெட்டுவிடும்.