தோல் பறையா, ஃபைபர் பறையா: சின்னக் குழுவுக்கு எது கட்டுபடியாகும்?

எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து பறைக்குழு தொடங்கினால் முதல் சண்டை குழுவின் பெயருக்கு, அடுத்த சண்டை தோலா, செயற்கைத் தகடு பூட்டிய ஃபைபரா என்பதற்கு. ஈரோடு, திருப்பூர், கோவைப் பக்கம் இன்று இரண்டும் கடையில் கிடைக்கின்றன. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆளுக்கொரு தோல் பறை, மழைக்கென்று பொதுவில் இரண்டு மூன்று ஃபைபர். ஒரே வரிசையில் இரண்டையும் கலந்து நிறுத்தக் கூடாது.

தோல் பறையில் முதலில் பார்க்க வேண்டியது கட்டை. வளைந்த மூன்று துண்டுகளை வட்டமாகச் சேர்த்து, உள்பக்கம் இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். வேம்பு நல்லது; பலாவும் வரும். மூன்று மூட்டிலும் நகம் நுழையும் இடைவெளி இருந்தால் வாங்காதீர்கள், நாளாக ஆக அங்கேதான் கிறீச்சிடும். பிறகு பறையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் தோல் முழுக்க ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஒரு பக்கம் கருத்து, மறுபக்கம் பளீரென்றிருந்தால் தோலின் தடிமன் சமமாக இல்லை. நெருப்பில் எவ்வளவு காய்ச்சினாலும் மெல்லிய பக்கம் முறுக்கேறும், தடித்த பக்கம் பொத்தென்றே இருக்கும்.

தோலைக் கட்டையோடு பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் புளியங்கொட்டைப் பசை. பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். ஈரம் பட்டால் இளகும். எலிக்கும் பூச்சிக்கும் தீனி. சித்திரை வெயிலில் காரின் பின்பக்கம் பூட்டி வைத்தால் தோல் சுருங்கி விளிம்பிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். பாலிதீன் உறையில் போட்டால் பூஞ்சை. பருத்திப் பையில் போட்டுச் சுவரில் மாட்டி வைப்பதே சரி.

காய்ச்சுவதில்தான் புதுக்குழுக்கள் தோலைக் கெடுக்கின்றன. காற்றிலிருக்கும் ஈரத்தைத் தோல் குடித்துத் தொய்கிறது. சூடு அந்த ஈரத்தை விரட்டுகிறது. இதற்குச் சுவாலை வேண்டும், தணல் வேண்டாம். வைக்கோல், காய்ந்த தென்னை ஓலை, காட்டுப் பக்கம் என்றால் சோளத்தட்டு. கைக்குச் சூடு உறைக்கும் தூரத்தில் பறையைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் விரலால் சுண்டிப் பாருங்கள். பொத்தென்றது கிண்ணென்று மாறியதும் எடுத்துவிடுங்கள். மயிர் கருகும் வாடை வந்தால் தாமதம் என்று பொருள். ஈரமான தோல் 60 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் நிரந்தரமாகச் சுருங்கிவிடும், பிறகு விளிம்பில் கிழிசல்தான். மழையில் நனைந்த பறையை நேரே நெருப்பில் காட்டாமல் முதலில் நிழலில் உலர்த்தச் சொல்வது இதனால்தான்.

ஃபைபருக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. இரும்பு வளையம், பாலியெஸ்டர் தகடு, சுற்றிலும் போல்ட்டு. பெயர்தான் ஃபைபர், மேற்கத்திய டிரம்முக்கு 1950களில் வந்த அதே வகைத் தகடு. ஸ்பேனரால் ஒரு போல்ட்டைக் கால் சுற்று முடுக்கினால் அடுத்து அதற்கு நேரெதிர் போல்ட்டுக்குப் போக வேண்டும். வரிசையாக முடுக்கிக்கொண்டே போனால் வளையம் ஒருபக்கமாகக் கோணிவிடும், தகடும் சுருக்கம் விழும். அடியின் அதிர்வில் போல்ட்டுகள் தானாகவே இளகும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்பு ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். தடித்த அடிக்குச்சி விழும் இடத்தில் குழி விழுந்துவிட்டால் தகட்டை மாற்றுவது தவிர வழியில்லை.

குறை ஒலியில். மெல்லிய சிம்புக்குச்சி தோலில் பட்டால் கீற்றாக ஓடி அடங்கும். ஃபைபரில் தகரத்தைத் தட்டியதுபோல் காதைக் கிழிக்கும். மைக் வைத்தால் இன்னும் மோசம். அடிக்குச்சியின் கனத்த ஒலி ஃபைபரில் பாதிதான் இறங்கும். எடை இன்னொரு தொல்லை. பங்குனியில் மாரியம்மன் கோயில் முன்பு நடும் கம்பத்தைச் சுற்றி இரவில் மணிக்கணக்கில் அடிக்கும்போது இரும்பு வளையம் இடது தோளை அறுத்துவிடும். அந்த மாதம் காற்றும் காய்ந்து கிடக்கும், தோலுக்கு அவ்வளவாக நெருப்புக்கூடத் தேவைப்படாது. கம்பத்துக்கு ஃபைபர் கொண்டுபோவது வீண் வேலை.

ஆடி வேறு கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் சாரல் விடாது. அங்கே தோல் பறை ஒரு ஆட்டம் முடிவதற்குள் தொய்ந்துவிடும். அன்றைக்கு ஃபைபரை மட்டும் எடுங்கள், ஆள் குறைந்தாலும் பரவாயில்லை. கலந்து அடித்தால் தோல் இறங்கிக்கொண்டே போக, ஃபைபர் நின்ற இடத்திலேயே நிற்கும். பத்து நிமிடத்தில் இரண்டு ஊர் மேளம் மோதுவதுபோல் கேட்கும்.

விலையை மட்டும் பார்த்து ஃபைபருக்குப் போகும் குழுக்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். தோல் பறை வாங்கினால் அதைக் கட்டிக் கொடுப்பவரும் கூடவே கிடைக்கிறார். சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்று சாதி கட்டாயப்படுத்தியதால் பல குடும்பங்கள் பறையை வேண்டுமென்றே கீழே வைத்தன. இன்று கோவை நிமிர்வு கலையகம் போன்ற இடங்களில் எல்லாரும் வந்து கற்கிறார்கள். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காகவே பத்மஸ்ரீ வந்தது. மேடை பெருகிய அளவுக்குத் தோல் கட்டும் கை பெருகவில்லை. பழைய தோலை உரித்து, புதுத்தோலை ஊறவைத்து இழுத்து ஒட்டி, நிழலில் காயவைக்கத் தெரிந்தவரிடம் குழுவில் ஒருவராவது உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டும். கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.

குச்சிக்கு: சிம்பு மூங்கில், மெல்லியது, ஏறத்தாழ ஒரு அடி. அடிக்குச்சி தடித்தது, ஒரு சாண். சிம்பு ஒரு நிகழ்ச்சியிலேயே பிளக்கும், ஆளுக்கு மூன்று சிம்பாவது பையில் இருக்கட்டும். பிளந்த சிம்பால் தொடர்ந்து அடித்தால் அதன் சிராய் தோலைக் கீறிவிடும்.