ஸாம்ப்பா, டாக்கரா? சொந்தக் கணினியில் ஒரு சர்வர்

இணையதளங்களை எழுத உதவும் மொழியான பிஎச்பியைக் கற்க ஆரம்பிப்பவர்களுக்கு ஸாம்ப் (XAMPP) போதும், தயங்கவே வேண்டாம். அப்பாச்சி என்ற வெப் சர்வர், மரியாடிபி என்ற டேட்டாபேஸ், பிஎச்பி, பெர்ல் மொழிகள் எல்லாம் ஒரே இன்ஸ்டாலரில் வந்துவிடும். கோப்புகளை எச்டிடாக்ஸ் ஃபோல்டரில் போட்டு, கன்ட்ரோல் பேனலில் ஸ்டார்ட் கொடுத்தால் பிரவுசரில் தளம் திறக்கும். சர்வருக்கான வாசல் எண்ணான 80-ஆம் போர்ட்டை வேறு ஏதாவது புரோகிராம் பிடித்து வைத்திருந்தால் அப்பாச்சி கிளம்பாது. செட்டிங்கில் 8080 என்று மாற்றிவிட்டால் சரி.

சர்வர், டேட்டாபேஸ் என ஒவ்வொன்றையும் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டியில் ஓட்டும் டாக்கர் (Docker) முதல் நாளே இப்படி இறங்கி வராது. பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு: டேட்டாபேஸ் முகவரியாக, 'இதே கணினி' என்று பொருள்படும் லோக்கல்ஹோஸ்ட்டை எழுதிவிட்டு, ஏன் இணையவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள். கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னர்தான், டேட்டாபேஸ் இருப்பதோ வேறொன்றில். எந்தெந்தக் கன்டெய்னர்கள் ஓட வேண்டும் என்று எழுதிவைக்கும் கம்போஸ் ஃபைலில் டேட்டாபேஸுக்கு வைத்த பெயரைத்தான் அங்கே எழுத வேண்டும். விண்டோஸிலும் மேக்கிலும் பின்னணியில் ஒரு லினக்ஸே ஓடுவதால், ரேம் குறைந்த கணினிக்கு மூச்சு வாங்கும்.

அப்புறம் ஏன் டாக்கருக்கு மாறினேன்? ஒரு புராஜெக்ட் பிஎச்பி 7.4 கேட்டது, இன்னொன்று 8.2. ஸாம்ப்பில் இரண்டையும் சேர்த்து ஓட்டப் பெரும்பாடு. டாக்கரில் ஒரு வரி மாற்றம். பிஎச்பியின் இயல்பான அப்லோட் வரம்பு 2 எம்பி. அதை ஸாம்ப்பில் கூட்டினால் அங்குள்ள எல்லாத் தளங்களுக்கும் கூடிவிடும், கூட வேலை பார்ப்பவருக்கோ அது தெரியாது. டாக்கரில் அந்த மாற்றம் புராஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ஃபைலாகக் கிடக்கும். நிரலைப் பகிர உதவும் கிட்டில் (Git) ஏற்றினால் எல்லோருக்கும் போய்ச் சேரும்.

இன்னொரு விஷயம் எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கியது, நிரலில் சிறிய எழுத்தில் அழைத்திருந்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. லினக்ஸ் சர்வரில் ஏற்றியதும் வெள்ளைப் பக்கம்! டாக்கர் இதை முன்பே காட்டிக்கொடுக்கும் என்று நம்பி, நிரலை விண்டோஸ் டிரைவிலேயே வைத்தால் பிழை அப்படியே ஒளிந்திருக்கும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்-இன் (WSL) லினக்ஸ் பக்கம் வைத்தால்தான் அங்கேயே பிடிபடும். பக்கங்களும் கண்கூடாக வேகமாகத் திறக்கும்.

டாக்கரை நிறுத்தும்போது டவுன் கட்டளையோடு 'வி' (-v) ஆப்ஷன் சேர்த்தால், டேட்டா சேமிக்கப்படும் இடமான வால்யூமும் அழியும், டேட்டாபேஸ் மொத்தமாகப் போய்விடும். வெறும் டவுன் போதும்.