ரீபில்ட் டைட்டில் கொரோலா: ஐந்து வருடம், 73,000 மைல்

எங்கள் 2017 கொரோலா போன வாரம் 1,18,000 மைலைத் தாண்டியது. 2020 பிப்ரவரியில், கொரோனா ஊரடங்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால், 45,000 மைலில் வாங்கிய வண்டி. டாலஸ் பக்கம் படிக்க வரும் நம் பிள்ளைகள் "அக்கா, சால்வேஜ் டைட்டில் வண்டி ரொம்ப மலிவா வருது, எடுக்கலாமா?" என்று மாதத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள். போனில் அரைகுறையாகச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் நடந்ததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், டைட்டில் என்பது நம் ஊர் ஆர்.சி. புத்தகம் மாதிரி, வண்டி யாருடையது என்பதற்கான பத்திரம். வண்டி இடிபட்டோ வெள்ளத்தில் மூழ்கியோ போனால், சரிசெய்ய ஆகும் செலவு கட்டுப்படியாகாது என்று இன்சூரன்ஸ் கம்பெனி முடிவு செய்து, உரிமையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளும். அப்போது அந்தப் பத்திரத்தில் விழும் முத்திரைதான் சால்வேஜ். எவ்வளவு சேதத்துக்கு இந்த முத்திரை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூயார்க்கில் வண்டி மதிப்பில் 75 சதவீதம், புளோரிடாவில் 80, எங்கள் டெக்சஸில் செலவு முழு மதிப்பையும் தாண்ட வேண்டும். சால்வேஜ் முத்திரையோடு வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. யாராவது அதை ஏலத்தில் எடுத்து, சரிசெய்து, படிவம் கொடுத்தால் 'ரீபில்ட் சால்வேஜ்' என்று புது டைட்டில் வரும், அதற்குப் பிறகுதான் ஓட்டலாம். அந்த வார்த்தை டைட்டிலை விட்டு அப்புறம் போகவே போகாது. பிள்ளைகள் இந்த இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். சரிசெய்யாத சால்வேஜ் வண்டியைத் தயவுசெய்து வாங்காதீர்கள், அது பட்டறை வைத்திருப்பவர்களுக்கான பொருள்.

நாங்கள் மூன்று வண்டி பார்த்தோம். முதல் வண்டி ஒரு கேம்ரி. விற்பவர் "முன் பம்பர் மட்டும்தான் போச்சு" என்றார். வீட்டுக்கு வந்து அதன் 17 எழுத்து வின் நம்பரை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணை, கூகுளில் போட்டேன், ஏலத்துக்கு வந்தபோது எடுத்த படங்கள் அப்படியே கிடைத்தன. கோபார்ட், ஐஏஏ போன்ற ஏல நிறுவனங்களில் போகும் வண்டிகளின் படங்கள் பெரும்பாலும் இணையத்தில் எங்காவது தங்கிவிடும். அந்தப் படத்தில் பானெட் மடங்கி, டாஷ்போர்டு கிழிந்து, இரண்டு ஏர்பேக்கும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் திரும்பப் போய்ச் சாவியைத் திருப்பிப் பார்த்தோம். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைய வேண்டும், இந்த வண்டியில் எரியவே இல்லை. விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, விளக்கையே யாரோ எடுத்திருக்கலாம். உள்ளே ஏர்பேக் இருக்கிறதா, வெறும் மூடியை ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று நமக்குத் தெரியாது. அப்போது இரண்டு வயதான என் மகளை அந்த வண்டியில் ஏற்றியிருப்பேன் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்குகிறது.

இரண்டாவது ஒரு சிவிக். ஹூஸ்டனிலிருந்து வந்தது, மினுமினுவென்று துடைத்து வைத்திருந்தார்கள். கதவைத் திறந்த உடனே எனக்கு வேளச்சேரி ஞாபகம் வந்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் மாமா காரில் மாதக்கணக்கில் இருந்த அதே வாடை, வாசனைத் திரவியம் அடித்தாலும் அடியில் கிடந்து வரும் சேற்று வாடை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், சுருளுக்குள் இருந்த பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. சீட்டைத் தாங்கும் போல்ட்டுகள் எல்லாம் துருப்பிடித்திருந்தன. 2017 ஆகஸ்ட் ஹார்வி புயலில் ஹூஸ்டனில் மூழ்கிய வண்டிகள் எத்தனையோ. இது அதில் ஒன்றா என்று நான் கேட்கவில்லை, கிளம்பி வந்துவிட்டோம். இடிபட்ட வண்டியில் எங்கே அடி என்று தெரியும். வெள்ள வண்டியில் ஒயரிங் எப்போது, எங்கே அரித்துப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவதுதான் இந்தக் கொரோலா. விற்றவர் நாங்கள் கேட்பதற்கு முன்பே ஏலப் படங்களைப் போனில் எடுத்துக் காட்டினார். பின்னால் இடது பக்கம் இடி. டிக்கி தரையும் பின் பக்கத் தகடும் நசுங்கியிருந்தன, ஏர்பேக் எதுவும் வெடிக்கவில்லை. டெக்சஸில் ரீபில்ட் டைட்டிலுக்காகக் கொடுக்கும் விடிஆர்-61 படிவத்தின் நகலையும் கொடுத்தார், எந்தெந்த பாகம் மாற்றினோம், எங்கிருந்து வாங்கினோம் என்று அதில் எழுதியிருக்கும். இந்த இரண்டும் இல்லாத வண்டியை நான் வாங்கவே மாட்டேன். ஏனென்றால் ரீபில்ட் டைட்டில் கொடுக்கும்போது வெல்டிங் ஒழுங்காக இருக்கிறதா என்று யாரும் தகட்டைப் பிரித்துப் பார்ப்பதில்லை. பழுது பார்ப்பதற்கு முன் வண்டி எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் எங்கே டார்ச் அடித்துப் பார்ப்பது என்றே நமக்குத் தெரியும்.

என் கணவரின் அலுவலகத்தில் ஒரு அண்ணா இருக்கிறார், அவருடைய அப்பா கோயம்புத்தூரில் டிங்கரிங் பட்டறை வைத்திருந்தவர். அவரைக் கூட்டிப் போனோம். தகட்டை விரல் முட்டியால் தட்டித் தட்டிக் கேட்டார், டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கினார், ஸ்டெப்னியை எடுத்து வெளியே வைத்துவிட்டு அந்தக் குழிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். "பட்டி கொஞ்சம் இருக்கும்மா, ஆனா வெல்டு சுத்தமா இருக்கு. முன்னாடி எதையும் தொடலை. எடுக்கலாம்" என்றார். முன்னாடி தொடவில்லை என்பது ஏன் முக்கியம் என்றால், 2017 கொரோலாவில் எல்லா மாடலிலும் முன் எச்சரிக்கை பிரேக் வசதி உண்டு, அதற்கான ரேடார் முன் சின்னத்துக்குப் பின்னாலும் கேமரா கண்ணாடியின் மேலேயும் இருக்கிறது. முன்னால் இடிபட்டுச் சரிசெய்த வண்டியில் இவற்றை அளவு பார்த்துத் திரும்ப அமைத்தார்களா என்பது தனிக் கவலை. இது போக 150 டாலர் கொடுத்து ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றியும் பார்த்தோம். அவரும் சரி என்றார். ஆனால் அவரும் அண்ணாவும் தவறவிட்ட ஒன்று இருந்தது, பின்னால் சொல்கிறேன்.

விலை 8,400 டாலர். அதே மைலில் முத்திரை இல்லாத கொரோலா அப்போது 12,900-க்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கணக்கு வைத்திருக்கும் கிரெடிட் யூனியன் (கூட்டுறவு வங்கி மாதிரி) ரீபில்ட் வண்டிக்கு லோன் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டது, அதனால் சேமிப்பைத் துடைத்து மொத்தப் பணத்தையும் கையில் வைத்துத்தான் வாங்கினோம். இன்சூரன்ஸ் இன்னொரு அலைச்சல். இரண்டு கம்பெனிகள் அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும்தான் தருவோம் என்றன. மூன்றாவது, நாலு பக்கமும் படம் கேட்டு, முழு இன்சூரன்ஸ் கொடுத்தது. பிரீமியம் பெரிதாகக் குறையவில்லை, ஆனால் வண்டி போனால் ரீபில்ட் விலைதான் கிடைக்கும் என்று ஏஜென்ட் தெளிவாகச் சொன்னார். வண்டியை வாங்கிவிட்டு இன்சூரன்ஸ் தேடாதீர்கள், வின் நம்பரைக் கொடுத்து முன்பே கேட்டுவிடுங்கள்.

முதல் வருடம் மழைக்காலத்தில் டிக்கியில் புழுங்கல் வாடை வர ஆரம்பித்தது. ஸ்டெப்னி குழியில் நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர். புதுத் தகட்டை வெல்டு செய்தவர் ஒரு மூட்டில் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலர் போடாமல் விட்டிருக்கிறார், பின் விளக்கின் ரப்பரும் சரியாக உட்காரவில்லை. சீலர் வேலைக்கு 180, விளக்குக்கு 140. பார்க்கப் போகும்போது ஒரு பாட்டில் தண்ணீரை டிக்கி ஓரத்தில் ஊற்றிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எல்லோரும் தவறவிட்டது இரண்டாம் வருடம் தெரிந்தது. பின் இடது டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. டயர் கடையில் அலைன்மென்ட் (சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்ற அளவு) தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள், அந்த ஒரு சக்கரத்தின் எண் மட்டும் சிவப்பில். இந்த மாடலின் பின் ஆக்சில் ஒரே துண்டு, முன் சக்கரம் மாதிரி போல்ட்டைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை. இடியில் லேசாக வளைந்ததை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்திலிருந்து ஒரு ஆக்சில் வாங்கி, கூலியோடு 690 டாலர். வாங்குவதற்கு முன் நாலு சக்கர அலைன்மென்ட் பார்த்துத் தாளை வாங்கியிருந்தால், அந்த 690-ஐ விலையில் குறைத்திருக்கலாம். இப்போது யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்தத் தாளைத்தான்.

அதற்குப் பிறகு வண்டி அமைதியாக ஓடியது. எண்ணெய், பிரேக், ஒரு பேட்டரி, எந்தக் கொரோலாவுக்கும் ஆகும் செலவுதான். ஹைவேயில் 75 மைல் வேகத்தில் போனாலும் ஸ்டியரிங் நேராக நிற்கிறது. மூன்று முறை ஹூஸ்டன், ஒரு முறை அட்லாண்டாவில் என் தங்கை வீடு வரை போய் வந்தோம், எங்கும் நின்றதில்லை. நாலாம் வருடம், புதிதாகப் பெயின்ட் அடித்த பக்கத்தில் மட்டும் டெக்சஸ் வெயிலுக்கு மேல் பூச்சு உரிந்தது. திரும்ப அடிக்க 450.

ஆலங்கட்டி மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு நாள் மாலை எலுமிச்சை அளவுக்குக் கட்டி விழுந்து மேல் தகடெல்லாம் குழி. இன்சூரன்ஸில் கேட்கலாம் என்று போனால், சரிசெய்யும் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கிவிடும், திரும்ப மொத்த நஷ்டம் என்று முடிவாக வாய்ப்பு அதிகம் என்றார் ஏஜென்ட். மதிப்பு குறைந்த வண்டிக்கு இது ஒரு பெரிய இடைஞ்சல், சின்ன சேதமே அதை முடித்துவிடும். குழிகளை அப்படியே விட்டுவிட்டோம்.

விற்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் பழைய கார் விலை தாறுமாறாக ஏறியபோது நாங்கள் வாங்கிய விலைக்கே ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை. இந்த வருடம் விசாரித்தால் ஒரு டீலர் தொடவே மாட்டேன் என்றார், இன்னொருவர் 3,200 சொன்னார், நேரடியாக விற்றால் 5,500 வரலாம். முத்திரை இல்லாததற்கு 9,500 போகிறது. வாங்கும்போது 4,500 மிச்சம், முத்திரையால் வந்த பழுதுகள் 1,460, இப்போது விற்றால் விலையில் 4,000 குறைவு. கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட ஆயிரம் டாலர் கையை விட்டுப் போகிறது. எடுத்து இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிட்டு ஊருக்குத் திரும்பும் எண்ணம் உள்ள மாணவர்களுக்கு இது ஒத்துவராது என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான். நாங்கள் 2,00,000 மைல் வரை ஓட்டப்போகிறோம், அதனால் எங்களுக்கு வருத்தமில்லை.

இன்னும் ஒன்று. டைட்டிலில் முத்திரை இல்லை என்பதால் வண்டி சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். விதி தளர்வான மாநிலத்துக்குக் கொண்டுபோய் முத்திரையைக் கழுவி எடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். 1992-இல் வந்த சட்டப்படி அமைத்த தேசிய டைட்டில் பதிவேடு ஒன்று இருக்கிறது, சில டாலர்களில் அறிக்கை கிடைக்கும். என்ஐசிபி (இன்சூரன்ஸ் மோசடியைத் தடுக்கும் அமைப்பு) தளத்தில் வின் நம்பரை இலவசமாகவே பார்க்கலாம். டெக்சஸில் 2025 ஜனவரி முதல் சொந்த வண்டிகளுக்கு வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனையும் கிடையாது, ஆகவே பிரேக், டயர், விளக்கு எல்லாவற்றையும் நாமே கவனித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி ரீபில்ட் கொரோலா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தான், விற்பவரிடம் பழைய படம் இல்லை, நம்பரைப் போட்டாலும் எதுவும் வரவில்லை, விட்டுவிட்டான். சனிக்கிழமை இர்விங்கில் இன்னொன்று பார்க்கப் போகிறோம். டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுதுகளைப் படிக்க என்னிடம் இருக்கும் 25 டாலர் ஸ்கேனர் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன், அண்ணாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.